இன்ஜின் சூடேறினால் விவசாயி குடி முழுகணுமா?



நம்ம சங்கத் துண்டறிக்கையில வழக்கமா நெல் விலை, மல்லாட்டை விலை, கரும்பு பாக்கி, ஏரி வரத்துக் கால்வாய் இதைப் பத்தித்தான் எழுதுவோம். இந்தத் தடவை ஒரு இன்ஜினைப் பத்தி எழுதறேன். "செயலாளர் எப்போ மெக்கானிக் ஆனார்?" என்று சிரிக்காதீங்க. கடைசி வரைக்கும் படிச்சுட்டு அப்புறம் சிரிங்க.

நம்ம கிளை உறுப்பினர் ஒருத்தர். பேர் வேண்டாம். 3 ஏக்கர்காரர். மனைவி நகையை அடகு வைத்து முன்பணம் கட்டி, மீதிக்குக் கடன் வாங்கி ஒரு மினி டிராக்டர் எடுத்தார். தன் கழனி போக மீதி நாளில் வாடகைக்கு ஓட்டித் தவணை கட்டலாம் என்று கணக்கு. ஒரு சித்திரை மாதம், மல்லாட்டை பிரிக்கும் மெஷினை மாட்டிக் காலையிலிருந்து ஓட்டிக்கொண்டிருந்தார். பதினோரு மணி வாக்கில் சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போயிருக்கு. இன்னும் நாலு மூட்டைதான், முடிச்சுட்டு நிறுத்தலாம் என்று விட்டுவிட்டார். கொஞ்ச நேரத்தில் முள் தானாகவே இறங்கியது. "சூடு தணிஞ்சிடுச்சுன்னு நெனைச்சேன் அண்ணே" என்று என்னிடம் சொல்லி அழுதார். அடுத்த பத்து நிமிஷத்தில் இன்ஜின் இழுத்துப் பிடித்தது போல நின்றுவிட்டது. பிஸ்டன் சீஸ்.

நடந்தது என்ன? ரேடியேட்டருக்கு அடியில் இருக்கும் ரப்பர் ஹோஸ் வெடித்து, தண்ணீர் முழுக்க ஒழுகிவிட்டது. சூட்டைப் பார்க்கும் சென்சார் தண்ணீரில் முழுகி இருந்தால்தான் சரியாகக் காட்டும். தண்ணீர் வற்றினதும் அது வெறுங்காற்றில் நின்று பொய் சொன்னது. முள் இறங்கினது நல்ல சேதி இல்லை, சாவுச் சேதி. அந்த ஹோஸின் விலை சில நூறு ரூபாய். இன்ஜின் வேலைக்குக் கேட்டது 70 ஆயிரம். புரட்ட முடியாமல் வந்த விலைக்கு வண்டியைத் தள்ளிவிட்டார். வண்டி போயிடுச்சு, கடன் போகலை. இப்போ அவர் பெங்களூரில் கான்கிரீட் வேலைக்குப் போறார். வீட்டம்மா தனியா கழனியைப் பார்க்கிறாங்க.

டிராக்டர் கடன் தவறினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாததா? 2016 மார்ச் மாதம், தஞ்சாவூர் மாவட்டம் ஒரத்தநாடு பக்கம், டிராக்டர் கடன் பாக்கிக்காக ஒரு விவசாயியைப் போலீஸார் அடித்து இழுத்த காட்சியைத் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அந்தக் காட்சி எத்தனையோ வீடுகளில் நடக்கிறது, எல்லாமே படம் பிடிக்கப்படுவதில்லை.

உழுதவன் கணக்குப் பார்த்தா உழக்குகூட மிஞ்சாதுன்னு நம்ம பெரியவங்க சொன்னது மாட்டு ஏர் காலத்தில். இன்னைக்கு உழக்கு மிஞ்சினாலும் அதை ஒரு ஹோஸ் பைப் தின்னுடுது. அதனால்தான் எழுதுகிறேன். இன்ஜின் சூடேறுவது தலைவிதி இல்லை. பெரும்பாலும் அரை மணி நேரத்தில், கையால் தொட்டே கண்டுபிடிக்கக்கூடிய கோளாறு அது. அந்த விவரம் நமக்கு வந்து சேராததால்தான் நாம் கெடுகிறோம். அந்த விவரத்தை நாமும் கற்றுக்கொள்ள வேண்டும், கொடுக்க வேண்டியவர்களிடம் கேட்டும் வாங்க வேண்டும். இந்தக் கட்டுரைக்கு இந்த இரண்டு வேலைதான்.

ஆயில் இன்ஜின் காலத்துப் பழக்கம்

என் வயசுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். கவலை ஏற்றம் போய் ஆயில் இன்ஜின் வந்த காலம். கிணற்றுத் தண்ணீரில் ஒரு பங்கு இன்ஜினுக்குள் போய் வெந்நீராக வெளியே விழும். மார்கழிக் காலையில் அதில் குளித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனவன் நான். அந்த இன்ஜினுக்குள் தண்ணீர் போகும் வழி அகலம். உப்புத் தண்ணீரோ சேற்றுத் தண்ணீரோ, தாங்கிக்கொண்டு வருஷக்கணக்கில் ஓடியது.

அதே பழக்கத்தில் டிராக்டர் ரேடியேட்டருக்கும் போர் தண்ணீரை ஊற்றுகிறோம். ரேடியேட்டருக்குள் இருக்கும் குழாய்கள் வைக்கோல் தண்டு மாதிரி ஒடுக்கம். நம்ம ஊர் போர் தண்ணீரைக் காய்ச்சும் அண்டாவின் அடியைப் பாருங்கள். வெள்ளையாக சுண்ணாம்பு மாதிரிப் படிந்திருக்கும். அதே காரைதான் ரேடியேட்டருக்குள்ளும், இன்ஜினின் தண்ணீர் அறைக்குள்ளும் படிகிறது. ஒரு தடவை ஊற்றினால் கொஞ்சம்தான் படியும். ஒழுக ஒழுகத் தினமும் ஊற்றிக்கொண்டே இருந்தால் படிவு ஏறிக்கொண்டே போகும். கடைசியில் குழாய் அடைத்துக்கொள்ளும்.

இதில் நானும் தப்பு செய்தவன்தான். என் வண்டி வாங்கி இரண்டாவது வருஷம் சேடை ஓட்டும்போது சூடேற ஆரம்பித்தது. வாங்கின இடத்துக்குக் கொண்டு போனேன். எந்த இடம் என்று இங்கே எழுத மாட்டேன், சண்டை ஒருத்தர் மேலே இல்லை. தெர்மோஸ்டாட் மாற்றினார்கள். சூடு நிற்கவில்லை. வாட்டர் பம்ப் மாற்றினார்கள். நிற்கவில்லை. "ஹெட்டைப் பிரிக்கணும், 38 ஆயிரம் ஆகும்" என்றார்கள். வாரண்டி இருக்கே என்றேன். "போர் தண்ணி ஊத்தியிருக்கீங்க, கூலண்ட் ஊத்தலை, வாரண்டி வராது. புத்தகத்தில் போட்டிருக்கு" என்றார்கள்.

புத்தகத்தில் போட்டிருந்தது உண்மை. எந்த மொழியில்? இங்கிலீஷிலும் இந்தியிலும். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். என் மகனை வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தைத் தேடிப் படித்தேன். நாற்பத்து சொச்சம் பக்கம் தள்ளி, சின்ன எழுத்தில் இருந்தது. வண்டி சாவியைக் கொடுத்த அன்றைக்கு மாலை போட்டுப் படம் பிடித்தவர்கள், அந்த ஒரு வரியை வாயால் சொல்லவில்லை.

பணம் இல்லாமல் வண்டியைத் திருப்பிக் கொண்டு வந்துவிட்டேன். பக்கத்து ஊரில் ஆயில் இன்ஜின் பார்த்த ஒரு பெரியவர் இருக்கிறார். ஸ்பேனர்கூட எடுக்கவில்லை. வண்டியை அரை மணி ஓட்டி நிறுத்தச் சொன்னார். ஃபேன் நின்றதும் ரேடியேட்டர் முகத்தில் மேலிருந்து கீழாகப் புறங்கையைக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். "மேலே அடுப்பு, கீழே பச்சைத் தண்ணி. உள்ளே பாதை அடைச்சுக்கிட்டு இருக்குப்பா. ஹெட்டை ஏன் பிரிக்கணும்?" என்றார். என் வண்டியில் இருந்தது பித்தளை ரேடியேட்டர். திருவண்ணாமலையில் ரேடியேட்டர் வேலை செய்யும் கடையில் மேல் தொட்டியைக் கழற்றிக் கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்து, பற்றவைத்துக் கொடுத்தார்கள். கூலண்டும் சேர்த்து 3 ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. 38 ஆயிரம் எங்கே, 3 ஆயிரம் எங்கே? அதற்கு முன்னால் மாற்றின தெர்மோஸ்டாட்டுக்கும் பம்புக்கும் கொடுத்த பணம் கொடுத்ததுதான்.

முதலில் என்ன செய்யணும், எதைச் செய்யக் கூடாது

முள் சிவப்புக்குப் போனால் உடனே பாரத்தை இறக்குங்கள். ரோட்டாவேட்டரைத் தூக்குங்கள், பி.டி.ஓ.வை நிறுத்துங்கள். ஆவி வரவில்லை, தண்ணீர் ஒழுகவில்லை, ஃபேன் சுற்றுகிறது என்றால் வண்டியை நிறலில் நிறுத்தி இரண்டு மூன்று நிமிஷம் சும்மா ஓடவிடுங்கள். ஓடும் தண்ணீரும் காற்றும் சூட்டை இறக்கும். ஆவி பீய்ச்சினாலோ, ஃபேன் பெல்ட் அறுந்திருந்தாலோ, தண்ணீர் கொட்டினாலோ அந்த நிமிஷமே அணைத்துவிடுங்கள். ஓட ஓட இன்ஜின்தான் வேகும்.

சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள். அது வெறும் மூடி இல்லை, வீட்டுக் குக்கர் மாதிரி அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் மூடி. சாதாரணத் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். அந்த மூடியின் அழுத்தத்தில் 110 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். திறந்த நொடியில் அத்தனையும் ஆவியாகி முகத்தில் அடிக்கும். கண் போகும். குறைந்தது அரை மணி நேரம் பொறுங்கள். பிறகும் கோணியை மடித்து மேலே போட்டு மெதுவாகத் திறங்கள்.

கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள். காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளிக்கிற கதைதான். ஹெட் விரிசல் விடும். அவசரம்தான் நம்ம முதல் எதிரி.

கையால் கண்டுபிடிக்கும் வரிசை

பணம் செலவாகாத சோதனையை முதலில் செய்யணும், செலவாகிறதைக் கடைசியில் செய்யணும். மெக்கானிக் கடையில் பல நேரம் இது தலைகீழாக நடக்குது.

1. ரேடியேட்டரின் வெளி முகம். மல்லாட்டைத் தூசி, நெல் சுணை, சருகு எல்லாம் ஃபேன் இழுப்பில் போய் ரேடியேட்டர் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். மேலே கொஞ்சம் ஆயில் பிசுபிசுப்பு இருந்தால் சாந்து பூசினது போல ஆகிவிடும். காற்று போகாவிட்டால் தண்ணீர் எவ்வளவு இருந்தும் பயனில்லை. சுத்தம் செய்யும்போது இன்ஜினை அணைத்து ஆறவிட்டு, ஃபேன் பக்கமிருந்து முன்பக்கம் நோக்கிக் காற்றோ தண்ணீரோ அடிக்கணும். முன்னாலிருந்து அடித்தால் குப்பை இன்னும் உள்ளே போய் இறுகும். தண்ணீரை வேகமாகக் கிட்டே வைத்து அடித்தால் தகடு மடங்கிவிடும். சிலர் தூசிக்காக முன்னால் கொசுவலைக் கம்பி கட்டுகிறார்கள். நல்லதுதான். ஆனால் மல்லாட்டை, நெல் அடிக்கும் நாளில் மணிக்கு ஒரு தடவை அதைத் தட்டணும். தட்டாத வலை தடுப்புச் சுவர்தான்.

2. தண்ணீர் அளவு, ஒழுகல். காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து பாருங்கள். குறைந்திருந்தால் எங்கே போனது என்று கேளுங்கள். மேல் ஹோஸ், அடி ஹோஸ், கிளாம்பு, அடியில் இருக்கும் வடிகால் திருகு, வாட்டர் பம்புக்கு அடியில் இருக்கும் சின்ன ஓட்டை எல்லாவற்றையும் பாருங்கள். அந்தச் சின்ன ஓட்டையில் தண்ணீர் சொட்டினால் பம்பு சீல் போயிடுச்சு என்று அர்த்தம். ஹோஸைக் கையால் அமுக்குங்கள். உப்பியிருந்தாலோ, வெடிப்புக் கண்டிருந்தாலோ, சொதசொத என்று இருந்தாலோ மாற்றிவிடுங்கள். அந்த ஹோஸ்தான் ஒரு குடும்பத்தைப் பெங்களூருக்கு அனுப்பியது.

3. ஃபேன் பெல்ட். பல வண்டிகளில் ஃபேனையும் வாட்டர் பம்பையும் ஒரே பெல்ட்தான் சுற்றும். பெல்ட் வழுக்கினால் காற்றும் குறையும், தண்ணீர் ஓட்டமும் குறையும். இன்ஜினை அணைத்துவிட்டு, பெல்ட் நடுவில் கட்டைவிரலால் அமுக்குங்கள். ஒரு விரல் கனம் வரைக்கும் இறங்கலாம். அதற்கு மேல் தொங்கினால் இறுக்கணும். ரொம்ப இறுக்கினால் பேரிங் போகும்.

4. மூடி. அடியில் இருக்கும் ரப்பரும் ஸ்பிரிங்கும் போனால் அழுத்தம் நிற்காது, சீக்கிரமே கொதிக்கும். புது மூடி வாங்கும்போது அதன் மேல் பொறித்த எண் பழசோடு ஒத்திருக்கணும்.

5. உள் அடைப்பு. பெரியவர் செய்த சோதனை இது. வண்டி சூடானதும் அணைத்துவிட்டு, ஃபேன் நின்ற பிறகு, ரேடியேட்டர் முகத்தில் புறங்கையால் தடவாமல் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள். மேலிருந்து கீழே சூடு படிப்படியாகக் குறையணும். திட்டுத் திட்டாகக் குளிர்ச்சியாக இருந்தால் அந்த இடத்தில் குழாய் அடைத்திருக்கிறது. பித்தளை ரேடியேட்டரைக் கம்பி விட்டுக் குத்தலாம். அலுமினிய ரேடியேட்டரை அப்படிக் குத்தக் கூடாது, மருந்து போட்டு அலசணும், இல்லாவிட்டால் மாற்றணும்.

6. தெர்மோஸ்டாட். சில சின்ன இன்ஜின்களில் இது இருக்காது. இருந்தால், மேல் ஹோஸ் ரொம்ப நேரம் குளிர்ச்சியாகவே இருந்து இன்ஜின் மட்டும் கொதித்தால் இதைச் சந்தேகப்படலாம். கழற்றி ஒரு பாத்திரத் தண்ணீரில் கயிற்றில் தொங்கவிட்டுக் காய்ச்சுங்கள். தண்ணீர் தளதளவென்று கொதிப்பதற்கு முன்னாலேயே அது வாயைத் திறக்கணும். எத்தனை டிகிரியில் திறக்கணும் என்ற எண் அதன் மேலேயே இருக்கும். திறக்காவிட்டால் புதுசு போடுங்கள். "தூக்கிப் போடுப்பா, சூடே வராது" என்று சொல்வார்கள், கேட்காதீர்கள். அது இல்லாமல் ஓட்டினால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமல் டீசல் கூடும், தேய்மானம் கூடும். சில இன்ஜின்களில் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் திரும்பி, சூடு இன்னும் ஏறும்.

7. பாரம். இதுதான் நம்மில் நிறையப் பேர் ஒத்துக்கொள்ளாத காரணம். 18 எச்.பி. வண்டிக்குப் பெரிய வண்டியின் ரோட்டாவேட்டரை மாட்டினால் இன்ஜின் திணறும். திணறும்போது சுற்று குறையும், சுற்று குறைந்தால் ஃபேன் காற்றும் தண்ணீர் ஓட்டமும் குறையும். சூடு கூடும் நேரத்தில் குளிர்ச்சி குறைகிறது. கரும்புகை வந்தால் அதுவே சாட்சி. கியரைக் குறைத்து, ஆழத்தைக் குறைத்து ஓட்டிப் பாருங்கள். முள் இறங்கினால் கோளாறு ரேடியேட்டரில் இல்லை. காற்று ஃபில்டர் அடைப்பும், இன்ஜின் ஆயில் குறைவும், விடாமல் பிடித்திருக்கும் பிரேக்கும் இதே வேலையைச் செய்யும்.

8. ஹெட் கேஸ்கட். இதைக் கடைசியில் பாருங்கள். வெளியே ஒழுகலே இல்லை, ஆனால் தண்ணீர் குறைகிறது. ஆயில் குச்சியை இழுத்தால் பால் கலந்த டீ மாதிரி இருக்கு. சூடான பிறகும் வெள்ளைப் புகை விடுது. குளிர்ந்த வண்டியில் மூடியைத் திறந்து தண்ணீர் நிரப்பி ஸ்டார்ட் செய்தால் விடாமல் குமிழ் வருது. இதில் ஏதாவது இருந்தால் ஓட்டாதீர்கள். அப்போதுதான் ஹெட்டைப் பிரிக்கணும். இந்த அடையாளம் ஒன்றுமே இல்லாமல் "ஹெட்டைப் பிரிக்கணும்" என்று சொன்னால், "எதை வைத்துச் சொல்றீங்க, காட்டுங்க" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

கூலண்ட் பற்றி ஒரு வார்த்தை. புத்தகம் சொல்கிற கூலண்டை, சொல்கிற அளவில், வாலை வடித்த தண்ணீரோடு கலந்து ஊற்றுங்கள். பேட்டரிக்கு விற்கிற தண்ணீர் போதும். அவசரத்துக்குப் பிடித்து வைத்த சுத்தமான மழைத் தண்ணீர், போர் தண்ணீரைவிட எவ்வளவோ மேல். இன்னொன்று, கூலண்ட் விஷம். இனிப்பாக இருக்கும். வடித்த கூலண்டைக் களத்து மேட்டிலோ மாட்டுத் தொட்டிப் பக்கமோ விடாதீர்கள். குழந்தையும் நாயும் மாடும் நக்கினால் உயிர் போகும்.

விவரம் யாருக்குச் சொந்தம்?

இத்தனை எழுதினேனே, இதில் ஏதாவது ராக்கெட் ரகசியம் இருக்கா? இல்லை. அப்புறம் ஏன் இது நமக்குத் தமிழில் வரவில்லை? வண்டி வாங்க ஆசை காட்டும் நோட்டீஸ் தமிழில் வருது. கடன் தவணை தவறினால் வரும் மிரட்டல் தமிழில் வருது. வண்டியைக் காப்பாற்றும் புத்தகம் மட்டும் ஏன் தமிழில் வரக்கூடாது?

இது நம்ம ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. அமெரிக்காவில் விவசாயிகள் தங்கள் டிராக்டரைத் தாங்களே பழுது பார்க்க உரிமை வேண்டும் என்று வருஷக்கணக்கில் போராடினார்கள். கொலராடோ மாநிலத்தில் 2023 ஏப்ரலில் அதற்கென்று சட்டமே வந்தது, 2024 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. 2025 ஜனவரியில் அந்த நாட்டின் வர்த்தக ஆணையமே, பழுது பார்ப்பதை முடக்குகிறது என்று சொல்லி ஜான் டீர் கம்பெனி மேல் வழக்குப் போட்டது. ஆயிரம் ஏக்கர் விவசாயிக்கே அந்த நிலைமை என்றால், 3 ஏக்கர் விவசாயி எந்த மூலை?

நம்ம நாட்டிலும் பேச்சு தொடங்கியது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் துறை, பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. அந்தக் குழு எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் விவசாயக் கருவிகளும் ஒன்று. அந்த ஆண்டு டிசம்பர் 24-ல் ஓர் இணையதளமும் திறந்தார்கள். 2025 மே மாதம் அறிக்கை வந்தது எதற்கு? கைபேசிக்கும் மின்னணுச் சாமானுக்கும். டிராக்டருக்கு இல்லை. கைபேசி கெட்டால் ஒரு நாள் பேச முடியாது. நடவு நேரத்தில் டிராக்டர் கெட்டால் ஒரு போகமே போகும். எது முதலில் வரணும்?

இன்னொரு கணக்கையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. டிராக்டர் ரேடியேட்டர், குளிர்விக்கும் பாகங்களுக்கு 18 சதவீதமாக இருந்தது 5 ஆனது. குறைந்த வரி நம்ம கைக்கு வந்ததா, இல்லை நடுவில் நின்றுவிட்டதா? பில் இல்லாமல் சாமான் வாங்கினால் அது நமக்குத் தெரியவே தெரியாது. அதனால் 50 ரூபாய் ஹோஸ் கிளாம்பு வாங்கினாலும் பில் கேளுங்கள்.

சட்டத்தில் நமக்கு இடம் இருக்கிறது. பிழைப்புக்காகச் சொந்தமாக ஓட்டும் வண்டிக்கு, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாமும் நுகர்வோர்தான். 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கொடுத்து வாங்கின பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கட்டணம் கிடையாது. குறை ஏற்பட்ட நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் போகணும். வக்கீல் வைத்துத்தான் ஆகணும் என்றும் இல்லை. 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் புகார் சொல்லலாம். ஆனால் கையில் காகிதம் இருக்கணும். காகிதம் இல்லாதவன் சொல் அங்கே எடுபடாது. 38 ஆயிரம் கேட்டதற்கு என் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. அதனால்தான் என்னால் எங்கேயும் போக முடியவில்லை.

நம் கோரிக்கைகள்

டிராக்டர் கம்பெனிகளையும், மத்திய மாநில அரசுகளையும், மாவட்ட நிர்வாகத்தையும் நம் சங்கம் கேட்கிறது:

தமிழ்நாட்டில் விற்கும் ஒவ்வொரு டிராக்டருக்கும், பவர் டில்லருக்கும் முழுமையான தமிழ்க் கையேடு கொடுக்க வேண்டும். வாரண்டி எதனால் போகும் என்பதை முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட வேண்டும். தமிழில் சொல்லாத நிபந்தனையைக் காட்டி வாரண்டியை மறுக்கக் கூடாது.

உதிரி பாகங்களின் விலைப் பட்டியலை ஒவ்வொரு விற்பனை நிலையத்திலும் தமிழில் மாட்ட வேண்டும்.

வேலைக்கு எடுக்கும்போதே என்ன கோளாறு, என்ன செலவு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். மாற்றின பழைய பாகத்தை விவசாயியிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

மானியம் பெறும் டிராக்டர்களை மத்தியப் பிரதேசம் புத்னி போன்ற அரசுப் பரிசோதனை நிலையங்களில் ஓட்டிச் சோதித்து அறிக்கை கொடுக்கிறார்கள். கடும் வெயில் சூட்டில் இன்ஜின் எவ்வளவு சூடேறுகிறது என்பதும் அதில் இருக்கிறது. அதன் சுருக்கத்தைத் தமிழில் வாங்குபவர் கையில் கொடுக்க வேண்டும்.

வேளாண்மைப் பொறியியல் துறை, அறுவடைக் காலத்துக்கு முன்னால் கீழ்பென்னாத்தூர், சோமாசிபாடி, வேட்டவலம், அவலூர்பேட்டை பக்கங்களில் கிராமத்துக்கே வந்து பழுது நீக்கும் பயிற்சி முகாம் நடத்த வேண்டும். பெண்களுக்கும் அதில் இடம் வேண்டும். வண்டி வாங்க மானியம் கொடுக்கும் அரசு, அதை வைத்துக் காப்பாற்றவும் சொல்லித் தரணும்.

வாரண்டி காலத்தில் வண்டி பழுதாகிப் பட்டறையில் நிற்கும் நாட்களுக்குக் கடன் தவணையைத் தள்ளி வைக்க வேண்டும்.

பழுது பார்க்கும் உரிமையை விவசாயக் கருவிகளுக்குச் சட்டமாக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

1972-ல் கோவை நகரத்துக்குள் கட்டை வண்டிகளைக் கொண்டு போய் நிறுத்தினார்கள் நம் விவசாயிகள். அரசு திரும்பிப் பார்த்தது. 2020-21-ல் தில்லி எல்லையில் ஒரு வருஷத்துக்கு மேல் டிராக்டர்களோடு உட்கார்ந்தார்கள் வடநாட்டு விவசாயிகள். மூன்று சட்டங்களைத் திரும்பப் பெற்றார்கள். கட்டை வண்டியோ டிராக்டரோ, நம்ம வண்டி நம்ம கூட நிற்கும். நாமும் நம்ம வண்டி பக்கம் நிற்கணும்.

ஒவ்வொரு கிளையிலும் ஒரு நோட்டு போடுங்கள். யார் வண்டி, என்ன கோளாறு, என்ன சொன்னார்கள், என்ன வாங்கினார்கள், கடைசியில் எது சரியானது என்று எழுதி வையுங்கள். பத்துப் பேர் நோட்டு சேர்ந்தால் அதுதான் நம்ம சாட்சி. மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்வு நாள் கூட்டத்தில் அந்த நோட்டை மேஜை மேல் வைப்போம். பதில் வராவிட்டால் வண்டிகளோடு வருவோம். தேதியைக் கிளைச் செயலாளர் வீடு தேடி வந்து சொல்வார். அன்றைக்கு வரும்போது ரேடியேட்டரில் தண்ணீர் பார்த்துவிட்டு வாருங்கள்!

ஹோஸ் வெடித்த அந்த வீட்டுக்காரம்மா போன மாதம் சங்கக் கூட்டத்துக்கு வந்தாங்க. "இதை நாலு மாசம் முன்னாடி யாராவது எங்களுக்குச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. சங்கத்தில் இத்தனை பேர் இருந்தும் யாரிடமும் பதில் இல்லை. அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதினேன். படிச்சவங்க படிக்காதவங்களுக்கு வாசிச்சுக் காட்டுங்க.

ஒன்றுபடுவோம்! கற்றுக்கொள்வோம்! கேட்டு வாங்குவோம்!

தோழமையுடன்,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம், கீழ்பென்னாத்தூர்